திருகோணமலையிலிருந்து டிஎன்ஏ பரிசோதனை: கிட் வாங்க முன் படிக்கவேண்டிய வழிகாட்டி

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் தன் டிஎன்ஏ அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "நீங்களும் ஒன்று செய்து பாருங்கோ, எங்கட ஆக்கள் எங்கிருந்து வந்ததெண்டு தெரியும்" என்கிறார். கூடவே வருத்தங்களைப் பற்றியும் அது சொல்லுமாம். எங்கே வாங்குவது, எவ்வளவு முடியும், திருகோணமலைக்கு வந்து சேருமா, துப்பலை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தேடினால், கிடைக்கும் விளக்கமெல்லாம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இருப்பவர்களுக்கானது. இங்கிருந்து செய்யும்போது வரும் தடங்கல்கள் வேறு. தபால், வங்கி அட்டை, சூடு, வெற்றிலை, சொந்தத்துக்குள் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் முடிவைப் பாதிக்கும். காசும் நாலு மாதமும் வீணாகாமல் இருக்க, கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள்.

1. உங்கள் கேள்வியை முதலில் எழுதுங்கள்

என்ன தெரியவேண்டும் என்பதை ஒரு வசனத்தில் எழுதிப்பாருங்கள். எந்தப் பரிசோதனை, எவ்வளவு செலவு, எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் அந்த வசனத்தில்தான் தங்கியிருக்கிறது.

பூர்வீகம் அறியவோ, தொடர்பு விட்டுப்போன உறவைத் தேடவோ என்றால் வீட்டுக்கு வரும் கிட், அதாவது துப்பலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் பெட்டி, பொருத்தமானது. கல்யாணம் பேசியாயிற்று, பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வருமா என்பது கேள்வியானால் கிட் வேண்டாம். இரண்டாம் படிக்குப் போங்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, எனக்கும் வருமா என்பவர்கள் மூன்றாம் படிக்குப் போகவேண்டும்.

சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரால் வருமா என்று அறிய மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தேவையில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் தொற்றாநோய்களுக்கான பரிசோதனை இலவசமாக நடக்கிறது. வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சீனியும் இடுப்பளவும் உங்களைப் பற்றி இன்று சொல்வதை எந்தத் துப்பல் கிட்டும் சொல்லாது. அந்த நோய்களுக்குக் கிட் கொடுக்கும் ஆபத்துக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழர் உடம்புக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை.

குடும்பத்தோடு சேரும் விசாவுக்கோ தாபரிப்பு வழக்குக்கோ டிஎன்ஏ கேட்டிருந்தால் கடையில் வாங்கும் கிட் செல்லவே செல்லாது. எடுத்தவர் யார், துப்பல் யாருடையது என்பதற்கு அதில் சாட்சி இல்லை. எந்த ஆய்வுகூடம், எங்கே மாதிரி கொடுப்பது என்பதைத் தூதரகமோ நீதிமன்றமோ எழுத்தில் சொல்லும். அந்தக் கடிதம் கைக்கு வருமுன் யாருக்கும் காசு கட்டாதீர்கள்.

போர்க்காலத்தில் காணாமற்போன ஒருவரைத் தேடுபவர்கள் இந்தக் கிட்டில் நம்பிக்கை வைத்துச் செலவழிக்கவேண்டாம். இவற்றின் தரவுத்தளத்தில் இருப்பது தாங்களாகத் துப்பல் அனுப்பியவர்களின் தரவு மட்டுமே. மனித எச்சங்களோடு ஒப்பிடுவது நீதிமன்றத்தின் கீழ் நடக்கும் தடயவியல் வேலை. ஆனால் 1970களிலும் 80களிலும் வெளிநாட்டுக்குத் தத்துக்கொடுக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் தேடுபவர்களுக்குக் கிட் உண்மையிலேயே உதவலாம். அப்படி வளர்ந்த பலர் தங்கள் பெற்றோரைத் தேடி இதே தரவுத்தளங்களில் இருக்கிறார்கள். இப்படியான கிட் விற்கும் மைஹெரிட்டேஜ் நிறுவனம் 2018 இல் தத்துப்பிள்ளைகளுக்கென்றே 15,000 கிட்களை இலவசமாகக் கொடுத்தது.

2. கல்யாணத்துக்கு முன்: தலசீமியாவுக்கு இரத்தப் பரிசோதனை

இந்தப் படியை எவரும் தாண்டிப் போகவேண்டாம். தலசீமியா என்பது இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். அதில் ஒரு வகையான பீட்டா தலசீமியாவைக் காவுபவர், அதாவது நோய் இல்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய காவி, முழு ஆரோக்கியமாக இருப்பார். இரண்டு காவிகள் கல்யாணம் செய்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். முதல் பிள்ளை தப்பினாலும் இரண்டாவதுக்கும் அதே 25 வீதம்தான். நோயுள்ள பிள்ளைக்கு ஏறத்தாழ மாதாமாதம் இரத்தம் ஏற்றவேண்டும், உடம்பில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும். கர்ப்பத்தில் கண்டுபிடித்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறெதற்கும் கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டம் இடமளிக்காது. ஆகவே அறியவேண்டிய நேரம் பொன்னுருக்குக்கு நாள் வைக்க முன்னர்தான்.

செய்முறை சுலபமானது. முதலில் முழு இரத்த எண்ணிக்கை, அதாவது எஃப்.பி.சி. துண்டு கைக்கு வந்ததும் ஹீமோகுளோபின் வரியோடு நிறுத்திவிடாமல் அதற்குக் கீழே பாருங்கள். எம்.சி.வி. என்ற வரியில் 80க்குக் குறைவாகவோ, எம்.சி.எச். என்ற வரியில் 27க்குக் குறைவாகவோ இருந்தால் அடுத்த பரிசோதனை தேவை. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று துண்டை மடித்து வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. காவிக்கு ஹீமோகுளோபின் ஓரளவு சரியாகவே இருக்கும். சிவப்பணுவின் பருமன்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது எச்.பி.எல்.சி., ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் இரத்தப் பரிசோதனை. இதில் ஹீமோகுளோபின் ஏ2 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியாக் காவியாக இருக்கும் சாத்தியம் பெரிது. இரும்புச்சத்துக் குறைவும் எம்.சி.வி.யைக் குறைக்கும், சிலவேளை ஏ2 அளவையும் இறக்கிக் காட்டும். அதனால் உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு வகையான ஆல்பா தலசீமியாவின் காவிக்கு எச்.பி.எல்.சி. சாதாரணமாகவே வரலாம். எம்.சி.வி. குறைவு, இரும்பு சரி, எச்.பி.எல்.சி.யும் சரி என்று வந்தால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எங்கே செய்வது? உங்கள் பகுதி எம்.ஓ.எச். அலுவலகத்திலோ, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ விசாரியுங்கள். தலசீமியாவுக்கான தேசிய நிலையம் குருநாகலில் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையும், முன்பு எடுத்த இரத்த அறிக்கைகளும் கொண்டுபோங்கள். தனியாரிடம் செய்தாலும் எஃப்.பி.சி.க்கு ஆகும் செலவு வெளிநாட்டுக் கிட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கிட்டில் தலசீமியா பார்க்க முடியாதா? சில பார்க்கும், ஆனால் தெரிவுசெய்த சில மரபணு மாற்றங்களை மட்டும். "காணப்படவில்லை" என்ற அறிக்கையை நம்பிக் கல்யாணத்தை முடிவுசெய்வது ஆபத்தானது.

மச்சான்–மச்சாள் கல்யாணம் என்றால் கூடுதல் கவனம் தேவை. முதல்தர மச்சான், மச்சாள் ஒருவரோடொருவர் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு டிஎன்ஏயைப் பகிர்கிறார்கள். பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு பொதுவாக 2 முதல் 3 வீதம். முதல்தரச் சொந்தத்தில் 4 முதல் 6 வீதம் என்று கணிக்கப்படுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை இறந்திருந்தால், அல்லது வளர்ச்சி பின்தங்கியிருந்தால், கல்யாணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம்.

3. பரம்பரைப் புற்றுநோய்ப் பயம்: வைத்தியர் வழியாக மட்டும்

கிட் அறிக்கைகளில் மிக ஆபத்தான சொல் "காணப்படவில்லை" என்பதுதான். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களில் நோயை உண்டாக்கும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. கிட் விற்கும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்துக்கு 2018 இல் அமெரிக்கா கொடுத்த அனுமதி அவற்றில் 3 மாற்றங்களைப் பார்க்க மட்டுமே. அந்த மூன்றும் அஷ்கெனாசி யூதர்கள் எனப்படும் ஐரோப்பிய வழி யூதர்களிடையே அதிகம் காணப்படுபவை. 2023 இல் அது 44 ஆனது. மூதூரில் பிறந்த ஒரு பெண்ணின் குடும்பத்தில் ஓடும் மாற்றம் அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரியான வழி இது. முதலில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்று எழுதுங்கள்: யாருக்கு, எந்த உறுப்பில், எத்தனை வயதில் புற்றுநோய். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டும் வேண்டும். இந்த மாற்றம் அப்பா வழியாகவும் வரும் என்பதால் அப்பாவின் சகோதரிகளை விட்டுவிடாதீர்கள். உறவினரின் கிளினிக் புத்தகம், பயொப்சி அறிக்கை இருந்தால் பிரதி எடுங்கள். பிறகு உங்கள் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, மரபணு ஆலோசனைக்குப் போங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 இலிருந்து இயங்குகிறது; ஆலோசனையும் பரிசோதனையும் அங்கே உண்டு. கொழும்பில் தனியார் மரபணு ஆய்வுகூடங்களும் உள்ளன. முற்கூட்டியே தொலைபேசியில் நேரம் எடுத்துக்கொண்டே புறப்படுங்கள். இரவு பஸ் ஏறிப் போய், நேரம் இல்லை என்று திரும்பவேண்டாம்.

முதலில் பரிசோதிக்கவேண்டியவர் நீங்களல்ல. உயிரோடிருந்தால், புற்றுநோய் வந்த அந்த உறவினர். அவரிடம் மாற்றம் பிடிபட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் பெருமளவு குறையும். தனியார் ஆய்வுகூடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முழு மரபணுவையும் வாசிக்கிறீர்களா, மாதிரி எந்த நாட்டில் பரிசோதிக்கப்படுகிறது, அறிக்கையை விளக்க மரபணு ஆலோசகர் இருக்கிறாரா. மூன்றாவதுக்கு "இல்லை" என்றால் வேறு இடம் பாருங்கள்.

4. கிட் தேர்வும் உண்மையான செலவும்

பூர்வீகத்துக்குத்தான் கிட் என்று முடிவானால், காசு கட்டுமுன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் "அனுப்பும் நாடுகள்" பட்டியலைத் திறந்து இலங்கை இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் அடிக்கடி மாறும். போன வருடம் ஒருவருக்கு வந்தது என்பதை நம்பவேண்டாம். ஆரோக்கிய அறிக்கை சேர்ந்த கிட் பல நாடுகளுக்கு விற்கப்படுவதே இல்லை.

அட்டவணை விலை பொதுவாக 80 முதல் 100 டொலர் வரை. ஆரோக்கிய அறிக்கையும் சேர்ந்தால் 200 டொலரை எட்டும். வருடத்தில் சில நாட்களில் விலை பாதியாகவே இறங்கும்: ஏப்ரல் 25 டிஎன்ஏ தினம், நவம்பர் கடைசி வாரம். அவசரமில்லை என்றால் காத்திருங்கள்.

கிட்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். டொலர் 300 ரூபாய் கணக்கில் 90 டொலர் கிட் 27,000 ரூபாய். அதற்கு மேல் அனுப்பும் கட்டணம், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி சேர்க்கும் கட்டணம், சுங்கத்தில் மதிப்பிட்டால் வரி. திருப்பி அனுப்பும் கூரியர் செலவு கிட்டின் விலையையே தொடலாம். கூட்டிப்பார்த்த பிறகு முடிவெடுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் வாங்கவேண்டியதில்லை. அம்மம்மா இருந்தால் அவருக்கு ஒன்று போதும். பேரப்பிள்ளையிடம் அவருடைய டிஎன்ஏயில் கால் பங்குதான் இருக்கும். அவரிடம் முழுதும் இருக்கிறது.

வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள். பல டெபிட் அட்டைகளில் அது மூடியே இருக்கும். வருடாந்தச் சந்தா தானாகச் சேரும் பெட்டி ஒன்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதில் சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இலவசமாக ஒரு மாதம் என்று தொடங்கி, பிறகு வருடக் கட்டணத்தை அட்டையிலிருந்து எடுத்துவிடும்.

வெளிநாட்டு உறவினர் கையில் கொண்டுவரும் கிட்டில் இரண்டு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் இலவசத் திருப்பி அனுப்பும் லேபல் வாங்கிய நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். சில நிறுவனங்கள் விற்ற நாட்டுக்குள்ளேயே கிட்டைப் பயன்படுத்தவேண்டும் என்று நிபந்தனையில் எழுதியிருக்கின்றன. நிபந்தனையை வாசித்துவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் காலாவதித் திகதியும் இருக்கும். மலிவில் வாங்கி இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்த கிட் வேண்டாம்.

5. பெயர், முகவரி, பதிவு

முகவரியில் தபால் குறியீட்டை விடாதீர்கள். திருகோணமலை நகரத்துக்கு 31000. வீட்டு இலக்கமில்லாத ஊர் முகவரியானால் அருகிலுள்ள கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ இரண்டாவது வரியில் எழுதுங்கள். எப்போதும் எடுக்கும் கைத்தொலைபேசி இலக்கம் கொடுங்கள். பார்சல் கொழும்பில் நின்றுவிட்டால் அந்த இலக்கத்துக்குத்தான் அழைப்பு வரும். சுங்கம் கேட்டால் அடையாள அட்டைப் பிரதியும் காசு கட்டிய பற்றுச்சீட்டும் காட்டவேண்டியிருக்கும். இரண்டையும் தொலைபேசியில் படமாக வைத்திருங்கள்.

கிட் வந்ததும் முதல் வேலை பதிவு. குழாயில் ஒட்டியிருக்கும் இலக்கத்தை இணையத்தில் உங்கள் கணக்கோடு சேர்க்கவேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிய மாதிரி ஆய்வுகூடத்தில் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு கிட் என்றால் ஒன்றை முழுதாக முடித்து ஒட்டிய பிறகே மற்றதைத் திறக்கவேண்டும். அம்மாவின் குழாய் மகளின் பெயரில் போனால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

பிறந்த திகதியை எழுதும்போது கவனம். அமெரிக்கத் தளங்கள் மாதத்தை முதலில் கேட்கும். ஜூலை 4 என்று நினைத்து 04/07 என்று போட்டால் ஏப்ரல் 7 ஆகிவிடும். பெயரில் இனிஷியல் மட்டும் போடாமல் விரித்து எழுதுங்கள். அப்பாவின் பெயர் முதற்பெயர்ப் பெட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் சில சம்மதங்கள் கேட்கப்படும். பரிசோதனை செய்யச் சம்மதம் கட்டாயம். ஆராய்ச்சிக்குத் தரவைக் கொடுக்க, மாதிரியைச் சேமித்து வைக்க, உறவினருக்கு உங்களைக் காட்ட என்பவை தனித்தனிச் சம்மதங்கள். வேண்டாம் என்றாலும் பரிசோதனை நடக்கும். கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்கவேண்டும், இரட்டை உறுதிப்படுத்தலையும் போடுங்கள். 2023 இல் ட்வென்டித்ரீ அண்ட் மீ தரவு கசிந்தபோது நேரடியாக உடைக்கப்பட்ட கணக்குகள் 14,000 அளவில்தான். வேறு தளங்களில் திருடுபோன பழைய கடவுச்சொற்களை வைத்தே நுழைந்தார்கள். உறவினர் பட்டியல் வழியாக 69 இலட்சம் பேரின் விவரம் போயிற்று.

வயதானவர்களிடம் துப்பல் கேட்கும்போது எதற்கு என்பதைத் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்பாராத சகோதரர் ஒருவர் வெளிப்படலாம் என்பதையும் சொல்லவேண்டும். "சும்மா ஒரு டெஸ்ட்" என்று எடுத்துவிடுவது சரியல்ல. லண்டனில் இருப்பவர்கள் கவனிக்க: சம்மதமில்லாமல் இன்னொருவரின் டிஎன்ஏயைப் பரிசோதிப்பது அங்கே குற்றம்.

6. மாதிரி எடுத்தல்

துப்பல் கிட், கன்னத்தில் உரசும் பஞ்சுக்குச்சிக் கிட் என்று இரண்டு வகை. வாய் வறண்ட முதியவர்களுக்குக் குச்சி வகைதான் இலகு.

எடுக்க முன் 30 நிமிடம் சாப்பிடவோ, தண்ணீர், தேத்தண்ணி குடிக்கவோ, புகைக்கவோ, பல் தீட்டவோ கூடாது. வெற்றிலை போடுபவர்களுக்கு அரை மணி நேரம் போதாது. பாக்குத் தூளும் சுண்ணாம்பும் பல்லிடுக்கில் தங்கும். சிவந்த துப்பல் ஆய்வுகூடத்தில் தோற்கும். அப்படியானவர்கள் முந்தின இரவோடு வெற்றிலையை நிறுத்தி, காலையில் எழும்பி வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் பொறுத்து எடுப்பது நல்லது.

துப்பல் குழாயில் ஒரு கோடு இருக்கும். சுமார் 2 மில்லிலீட்டர். நுரையைக் கணக்கில் எடுக்காமல் நீர் அந்தக் கோட்டைத் தொடவேண்டும். குழாயை மேசையில் மெதுவாகத் தட்டினால் நுரை மேலே பிரியும், உண்மையான மட்டம் தெரியும். ஐந்து முதல் பத்து நிமிடம் எடுக்கும். துப்பல் வராவிட்டால் இரண்டு கன்னத்தையும் வெளியிலிருந்து விரலால் தேய்த்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை நினைத்தாலும் ஊறும், வாயில் வைக்கவேண்டாம். சளியைக் காறித் துப்பக்கூடாது. நிரம்பியதும் புனல் மூடியை அழுத்தி மூடினால் அதிலிருக்கும் பாதுகாப்புத் திரவம் கீழே இறங்கும். அது இறங்கியதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு புனலைக் கழற்றி, சிறிய மூடியை இறுக்கி, ஐந்து விநாடி குலுக்குங்கள். இந்தத் திரவம் கலந்தால்தான் மாதிரி பயணத்தில் பழுதாகாது. மாதிரி தோற்பதற்குப் பொதுவான காரணங்கள்: கோட்டுக்குக் கீழே நின்றது, நுரையை நீராக எண்ணியது, மூடி சரியாக அமராதது.

குச்சி வகையில் ஒரு கன்னத்தின் உட்புறத்தை 30 முதல் 60 விநாடி, குச்சியைச் சுழற்றியபடி உரசவேண்டும். இரண்டாவது குச்சி மற்றக் கன்னத்துக்கு. பஞ்சு முனையைக் கையால் தொடாமல் சின்னக் குப்பியின் திரவத்துக்குள் விட்டு முறித்து மூடுங்கள்.

எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தவர் இந்தப் பரிசோதனை செய்யக்கூடாது. அவருடைய துப்பலில் கொடையாளியின் செல்களும் இருக்கும், அறிக்கை குழம்பும்.

7. திருப்பி அனுப்புதல்

இதுதான் இங்கிருந்து செய்பவர்களுக்குக் கஷ்டமான படி. குழாயைத் திறக்க முன்னரே, கிட் கையில் இருக்கும்போது, கூரியர் அலுவலகத்துக்கும் தபாலகத்துக்கும் போய், "தொற்று இல்லாத மனிதத் துப்பல் மாதிரி, ஆய்வுகூடத்துக்கு" என்று சொல்லி ஏற்பார்களா என்று கேளுங்கள். நகரத்துக் கிளை ஏற்காவிட்டால் கொழும்பு அலுவலகத்தோடு பேசுங்கள். மறைத்து "பரிசுப்பொருள்" என்று எழுதவே வேண்டாம். ஸ்கேனில் திரவக் குழாய் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். பிறகு மீட்க முடியாது.

பொதி மூன்று அடுக்காக இருக்கவேண்டும்: மூடிய குழாய், கசியாத பிளாஸ்டிக் பை, வெளியே கெட்டியான பெட்டி. பைக்குள் ஈரத்தை உறிஞ்சும் தாள் ஒன்று கிட்டோடு வரும், எறிந்துவிடாதீர்கள். மாதிரியை எடுத்த அன்றோ மறுநாளோ அனுப்பும்படி வார நடுவில் எடுங்கள். ஏப்ரல் புதுவருடத்துக்கும் டிசம்பர் கடைசிக்கும் அண்டி எடுக்கவேண்டாம். சாதாரண அறைச் சூடு பிரச்சினையில்லை. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடக்கூடாது. கண்காணிப்பு இலக்கமுள்ள சேவையையே எடுங்கள், பற்றுச்சீட்டைப் பெறுபேறு வரும்வரை வைத்திருங்கள்.

கிட் வந்துசேர இரண்டு முதல் ஐந்து வாரம், திரும்பிப் போக ஒன்று முதல் மூன்று வாரம், ஆய்வுகூடத்தில் நாலு முதல் எட்டு வாரம் என்று வையுங்கள். மாதிரி தோற்றால் மாற்றுக் கிட் பெரும்பாலும் இலவசம். கூரியர் செலவு மறுபடியும் உங்கள் தலையில்.

8. பூர்வீக அறிக்கையை வாசித்தல்

"தென்னிந்தியா மற்றும் இலங்கை" என்ற ஒரு பெரிய வீதமே பெரும்பாலும் வரும். ஏமாற்றமடைய வேண்டாம், ஒப்பிடுவதற்கு நிறுவனத்திடம் இருக்கும் மாதிரிகள் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் அறிக்கையும் நுணுக்கமாக இருக்கும். எங்கள் ஆட்களின் மாதிரி உலகத்தில் குறைவு. உலகின் பல மக்களின் மரபணுத்தொகுதிகளைத் திரட்டிய ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் இலங்கைத் தமிழர் என்று இருப்பது 102 பேர். அவர்களும் பிரித்தானியாவில் வாழ்ந்தவர்கள். அறிக்கை ஊரைச் சொல்லாது. தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று உறுதியாகப் பிரிக்காது. சாதியைச் சொல்லவே சொல்லாது. வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கரையோர வேடர் வழிவந்தவர்களுக்கும் அதே பெரிய வீதம்தான் வரும்.

1, 2 வீத ஐரோப்பியமோ மலாயோ தெரிந்தால் அது கணிப்புப் பிழையாகவும் இருக்கலாம். மறுபக்கம், ஏழு தலைமுறைக்கு முன் ஒரு போர்த்துக்கேயப் பாட்டன் இருந்தாலும் அவரது பங்கு சராசரியாக 0.8 வீதம்தான், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். அக்காவுக்கும் தம்பிக்கும் வீதம் வேறுபடுவது இயல்பு. நிறுவனம் தன் கணக்கைப் புதுப்பிக்கும்போது உங்கள் வீதமும் மாறும்.

பயனுள்ள பகுதி உறவினர் பட்டியல். பகிரும் டிஎன்ஏ சென்டிமோர்கன் என்ற அளவில் வரும். முதல்தர மச்சான் சராசரியாக 850 அளவு, இரண்டாம்தரம், அதாவது அவர்களுடைய பிள்ளைகளிடையே, 230 அளவு. ஆனால் இந்தக் கணக்கு சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத குடும்பங்களுக்கானது. தாத்தாவும் அப்பாவும் மாமன் மகளைக் கட்டிய குடும்பத்தில் ஒருவரோடு இரண்டு மூன்று வழியில் உறவு இருக்கும். எண் ஏறிக் காட்டும். "இரண்டாம்தர மச்சான்" என்று தளம் சொன்னவர் நாலாம்தரமாக இருக்கலாம். மொத்த எண்ணை விட இருவரும் பகிரும் மிக நீளமான ஒற்றை டிஎன்ஏத் துண்டின் அளவைப் பாருங்கள். அது 30க்கு மேல் இருந்தால் அண்மைய உறவாக இருக்க நல்ல வாய்ப்பு. மொத்தம் பெரிதாக இருந்தும் துண்டெல்லாம் 8, 10 என்று சிறிதாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய உறவு.

பெயரைத் தேட ஆவணம் வேண்டும். பாட்டன் பாட்டியின் பிறப்பு, விவாகப் பதிவுப் பிரதிகளுக்குப் பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். நகரத்தவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். போரிலும் 2004 சுனாமியிலும் பல குடும்பங்களின் பத்திரங்கள் அழிந்துவிட்டன. காணி உறுதியும், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் பதிவேடுகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

9. ஆரோக்கிய அறிக்கையை வாசித்தல்

இந்தக் கிட்களில் பெரும்பாலானவை 300 கோடி எழுத்துள்ள மரபணுத்தொகுதியில் 6, 7 இலட்சம் இடங்களை மட்டுமே பார்க்கின்றன. அங்கே வாசித்த எழுத்துகளின் கோப்பான மூலத்தரவைத் தரவிறக்கி, மலிவு விலையில் நோய் சொல்லும் வேறு தளங்களில் ஏற்றுபவர்கள் பலர். 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி மூலத்தரவில் தெரிந்த மாற்றங்களில் 40 வீதம் மருத்துவ ஆய்வுகூடத்தில் பார்த்தபோது இல்லாதவையாக இருந்தன. ஆகவே கெட்ட செய்தி வந்தாலும் அழுதுகொண்டு இருக்கவேண்டாம். மருத்துவ ஆய்வுகூடத்தில் மறுபடி பார்க்கும்வரை அது செய்தியே அல்ல.

மருந்து பற்றிய பகுதி வந்தால் அச்செடுத்து வைத்தியரிடம் கொடுங்கள். மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கும் குளோபிடோக்ரெல் சிலரின் உடலில் சரியாக வேலைசெய்யாது. அதற்குக் காரணமான மாற்றம் தெற்காசியரிடம் அதிகம். பயனுள்ள தகவல்தான். ஆனால் அறிக்கையைப் பார்த்துவிட்டு மருந்தைத் தாங்களாக நிறுத்தினால் இதயக் குழாயைத் திறந்து வைக்கப் போட்ட ஸ்டென்ட் அடைபட்டு உயிரே போகலாம்.

10. காப்புறுதி, தரவை அழித்தல்

ஆயுள் காப்புறுதி எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். விண்ணப்பத்தில் செய்த பரிசோதனைகளைக் கேட்டால் மறைக்கக்கூடாது; பின்னர் உரிமைக்கோரல் மறுக்கப்பட அதுவே காரணமாகும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் உங்கள் தரவு இருப்பது வெளிநாட்டில். ட்வென்டித்ரீ அண்ட் மீ 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி, அதே வருடம் கைமாறியது. கணக்கைத் திறந்து வைத்திருப்பவர்கள் இப்படியான செய்திகளைக் கவனிக்கவேண்டும்.

அழிக்க முடிவெடுத்தால் ஒழுங்கு முக்கியம். முதலில் மூலத்தரவையும் உறவினர் பட்டியலையும் தரவிறக்குங்கள், அழித்தபின் மீளாது. பட்டியலில் பேச்சுத் தொடங்கிய உறவினர்களுக்கு உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். பிறகு ஆராய்ச்சிச் சம்மதத்தை விலக்கி, சேமித்த மாதிரியை அழிக்கக் கேட்டு, கடைசியாகக் கணக்கை அழியுங்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்று வரும். அதிலிருக்கும் இணைப்பை அழுத்தாவிட்டால் அழிப்பு நடக்காது. அது ஸ்பாம் பெட்டிக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். தரவிறக்கிய கோப்பைத் தொலைபேசியில் வைக்காமல் ஒரு பென்டிரைவில் போட்டு, உறுதிகள் வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.